ஆமைப்பூட்டைக் கழற்றிப் பார்ப்போம்



கடந்த மாதம் வீட்டுக் கதவுப் பூட்டுகளைப் பற்றிப் பேசியதன் பின்னர் இரண்டு தொலைபேசி அழைப்புகள் வந்தன. ஒரு அம்மா, "திறப்பில்லாமல் பூட்டைத் திறக்கிறது கள்ளர்ர வேலையெல்லோ, அதை ஏன் வானொலியில சொல்லுறியள்?" என்று கேட்டார். அடுத்ததாக வந்த ஐயா, "என்ர மகன் இணையத்தைப் பார்த்து வீட்டில இருக்கிற பூட்டெல்லாத்தையும் கிண்டிக்கொண்டிருக்கிறான். ஆரும் ஒழுங்காச் சொல்லிக் குடுத்தால் நல்லது" என்றார். இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இந்த மாத உரை.

நான் லண்டனில் பல வருடங்களாகத் திறப்பு வெட்டியும் பூட்டுத் திருத்தியும் வாழ்கிறவன். எங்கள் சனம் பூட்டு விடயத்தில் இரண்டு பக்கமும் ஏமாறுவதைக் கண்டிருக்கிறேன். பெரிதாகவும் பாரமாகவும் இருக்கிறது என்பதற்காக ஒன்றுக்கும் உதவாத பூட்டை வாங்குவது ஒரு பக்கம். இரவில் வாசலில் அகப்பட்டு, யாரோ ஒருவரை அழைத்து, ஐந்து நிமிட வேலைக்குப் பெருந்தொகை கட்டுவது மறுபக்கம். பிரித்தானியாவில் பூட்டுத் தொழில் செய்வதற்கு அரச அனுமதிப்பத்திரம் எதுவும் தேவையில்லை. இன்று கருவி வாங்கியவர் இன்றே விளம்பரம் போடலாம். ஆகவே பூட்டின் உள்ளே என்ன இருக்கிறது என்று வீட்டில் ஒருவராவது தெரிந்து வைத்திருப்பது நல்லது.

கள்ளர் வேலையா?

இந்தக் கேள்வி 1851ஆம் ஆண்டிலேயே லண்டனில் எழுந்தது. யோசப் பிராமா என்பவரின் நிறுவனம் 1790இல் இருந்து பிக்கடிலியில் தன் கடை யன்னலில் ஒரு ஆமைப்பூட்டை வைத்து, இதைத் திறப்பில்லாமல் திறக்கும் கருவியைச் செய்பவருக்கு 200 கினி பரிசு என்று எழுதியிருந்தது. அறுபது வருடங்களுக்கு மேலாக எவராலும் முடியவில்லை. 1851இல் ஹைட் பார்க்கில் நடந்த மாபெரும் கண்காட்சிக்கு அமெரிக்காவில் இருந்து வந்த ஹொப்ஸ் என்ற பூட்டுக்காரர், 16 நாட்களில் மொத்தம் 51 மணித்தியாலம் செலவழித்து அதைத் திறந்தார். அப்போது மிகப் பாதுகாப்பானது என்று பெயரெடுத்திருந்த சப் நிறுவனப் பூட்டை அவர் ஏறக்குறைய 25 நிமிடத்தில் திறந்து காட்டினார்.

லண்டன் பத்திரிகைகளில் பெரிய விவாதம் நடந்தது. இப்படி வெளிப்படையாகச் செய்தால் கள்ளருக்குப் பாடம் சொன்னது போலாகாதா என்றார்கள். கள்ளருக்கு இது ஏற்கெனவே தெரியும், தெரியாமல் இருப்பது பூட்டை வாங்குகிற நல்ல சனத்துக்குத்தான் என்பதே ஹொப்ஸ் பக்கத்தவர்களின் வாதம். அதன் பின்னர் பூட்டுகள் இன்னும் நன்றாகச் செய்யப்பட்டன. பிராமாவின் அந்தப் பூட்டை லண்டன் விஞ்ஞான நூதனசாலை வைத்திருக்கிறது.

இன்று இது ஒரு பொழுதுபோக்கு விளையாட்டாகவும் வளர்ந்திருக்கிறது. ஜேர்மனியில் 1997இல் இதற்கென்று ஒரு சங்கம் பதிவாகியது. ஒல்லாந்திலும் ஒரு சங்கம் இருக்கிறது. சதுரங்கம் போல நேரம் வைத்துப் போட்டியும் நடத்துகிறார்கள். இவர்கள் எல்லோரும் ஏற்றுக்கொண்ட விதிகள் இரண்டு. முதலாவது, உங்களுக்குச் சொந்தமில்லாத பூட்டில், சொந்தக்காரரின் சம்மதமில்லாமல், கை வைக்கக் கூடாது. இரண்டாவது, பாவனையில் உள்ள பூட்டில் பழகக் கூடாது. முன்கதவுப் பூட்டுக்குள் கம்பி முறிந்தால் குடும்பமே வெளியில் நிற்க வேண்டி வரும்.

ஆமைப்பூட்டின் வயிற்றுக்குள்

இப்போது கடைகளில் கிடைக்கும் ஆமைப்பூட்டுகளில் அனேகமானவை பின் வகையைச் சேர்ந்தவை. பழைய எகிப்தில் மரத்தால் செய்த பூட்டுகளில் இருந்த அதே யோசனையை, இரும்பிலும் பித்தளையிலும் சிறிதாக்கி 1861இலும் 1865இலும் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர் லைனஸ் யேல் என்பவரின் மகனான இளைய லைனஸ் யேல்.

விளங்கிக்கொள்வது கடினமில்லை. திறப்பை நுழைக்கும் பகுதி ஒரு சிறிய உருளை. அதை உள்ளுருளை என்று சொல்வோம். அது வெளிக்கூடு ஒன்றுக்குள் சுழலும்படி இருக்கிறது. உள்ளுருளைக்கும் வெளிக்கூட்டுக்கும் குறுக்காக வரிசையாக நாலு அல்லது ஐந்து துளைகள். ஒவ்வொரு துளையிலும் மூன்று சாமான்கள் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கும். திறப்பைத் தொடுவது கீழ்ப்பின். அதற்கு மேலே மேற்பின். எல்லாவற்றுக்கும் மேலே இரண்டையும் கீழே தள்ளிக்கொண்டிருக்கும் சிறிய ஸ்பிறிங்.

திறப்பு இல்லாதபோது மேற்பின்னின் பாதி உள்ளுருளையிலும் பாதி வெளிக்கூட்டிலும் நிற்கும். அதனால் உருளை சுழலாது. கீழ்ப்பின்கள் ஒவ்வொன்றும் வேறு வேறு நீளம். சரியான திறப்பின் பல்லுகள் ஒவ்வொரு கீழ்ப்பின்னையும் அதற்கேற்ற அளவுக்கு உயர்த்தும். அப்போது கீழ்ப்பின்னும் மேற்பின்னும் பிரியும் இடம், உருளை கூட்டோடு சந்திக்கும் கோட்டில் சரியாக வந்து நிற்கும். அந்தக் கோட்டைப் பிரிகோடு என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பின்னும் ஒரே நேரத்தில் பிரிகோட்டுக்கு வந்தால் பூட்டுத் திறக்கும். நாலு வந்து ஒன்று வராவிட்டாலும் திறக்காது.

அப்படியானால் திறப்பில்லாமல் எப்படித் திறக்கிறார்கள்? இங்கேதான் தொழிற்சாலையின் இயலாமை உதவுகிறது. ஐந்து துளைகளையும் ஒரு மயிரளவும் பிசகாமல் ஒரே நேர்கோட்டில் துளைப்பது நடைமுறையில் முடியாது. உருளையை மெதுவாகத் திருப்பிப் பிடித்தால், ஐந்து பின்னும் ஒன்றாக இறுகாது. ஏதோ ஒன்று முதலில் இறுகும். மற்றவை ஸ்பிறிங்கில் துள்ளிக்கொண்டிருக்கும். இறுகிய பின்னைத் தேடி மெதுவாக உயர்த்தினால், மேற்பின் பிரிகோட்டைத் தாண்டும் கணத்தில் உருளை ஒரு துளி சுழலும், சிறிய 'டிக்' ஒன்று கையில் தெரியும். அந்த மேற்பின் இனித் திரும்பி இறங்காது. பிறகு அடுத்த பின் இறுகும். இப்படியே ஐந்தும்.

வாசிக்கும்போது லேசாக இருக்கிறது. செய்யும்போது இருட்டு அறையில் ஊசி கோர்ப்பது போல இருக்கும். கண்ணால் பார்க்க முடியாத இடத்தில் விரல்தான் பார்க்க வேண்டும். ஆகவேதான் பழகுவதற்கு முதல் ஒரு பூட்டைக் கழற்றிப் பார்க்கச் சொல்கிறேன்.

எந்தப் பூட்டைக் கழற்றலாம்?

எல்லா ஆமைப்பூட்டையும் கழற்றித் திரும்பப் பூட்ட முடியாது. மூன்று வகையாகப் பிரித்துச் சொல்கிறேன்.

முதலாவது, இரும்புத் தகடுகளை அடுக்கிச் செய்த பூட்டு. அடியில் நாலு மூலையிலும் தறைந்த ஆணித் தலைகள் தெரியும். மாஸ்டர் லொக் நிறுவனத்தின் மூன்றாம் இலக்கப் பூட்டு இதற்குப் பேர் போனது. ஆணித் தலைகளை அராவினால் தகடு தகடாகக் கழன்று வரும். உள்ளே பார்ப்பதற்கு நல்லது, ஆனால் திரும்பப் பொருத்துவது சிரமம். எங்கள் ஊர் ரங்குப்பெட்டிகளில் தொங்கிய இந்தியாவின் அலிகார் பூட்டுகளில் பலவும் இப்படித் தறைந்தவைதான். அவற்றுக்குள் பின்னுக்குப் பதிலாகத் தகட்டு நெம்புகள் இருக்கும். அது வேறு கதை.

இரண்டாவது, பித்தளைக் கட்டியால் செய்த சாதாரண பூட்டு. இதன் ஒடுங்கிய பக்கத்தை வெளிச்சத்தில் சரித்துப் பாருங்கள். வரிசையாக நாலைந்து வட்டங்கள் மங்கலாகத் தெரியும். பின்களையும் ஸ்பிறிங்கையும் போட்ட பிறகு தொழிற்சாலையில் அடைத்த பித்தளை அடைப்புகள் அவை. தெரியாவிட்டால் மெல்லிய அரத்தாளால் தேய்த்தால் தெரியும்.

மூன்றாவது, உருளையை மாற்றுவதற்கென்றே செய்த பூட்டு. அமெரிக்கன் லொக் 1100, அபுஸ் 83 ஆகியவை இவ்வகை. தொழிற்சாலைகளில் திருத்த வேலையின்போது மின்சாரத்தைத் துண்டித்து மாட்டும் சிவப்பு, நீலப் பூட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பலவும் இந்த 1100 வரிசைதான். பழகுவதற்கு ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் இதை வாங்குங்கள்.

காசு செலவழிக்க விருப்பமில்லையென்றால் இன்னொரு வழி. புது வீட்டுக்குப் போகும்போது கதவின் பூட்டுருளையை மாற்றுவோம். கழற்றிய பழையதை எறியாமல், அதன் திறப்போடு எடுத்து வையுங்கள். உள்ளே இருப்பது அதே பின் ஏற்பாடுதான்.

கழற்றும் முறை

மேசையில் வெள்ளைத் துவாய் ஒன்றை விரியுங்கள். ஸ்பிறிங் துள்ளி விழுந்தால் உருண்டு ஓடாது. ஒரு சாமணம், சிறிய திருப்புளிகள், கண்ணாடி ஆகியவை வேண்டும். இன்னொன்று, பெரியவர்கள் மாத்திரை போட்டு வைக்கும் ஏழு நாள் பெட்டி. பூட்டின் வாய்ப்பக்கத்தில் உள்ள முதலாவது துளையின் சாமான் திங்களில், இரண்டாவது செவ்வாயில், இப்படியே ஐந்தாவது வெள்ளியில். வரிசை மாறினால் திறப்பு வேலை செய்யாது என்பதை மறக்க வேண்டாம்.

திருகு உள்ள பூட்டென்றால், முதலில் திறப்பால் திறந்து வளையத்தை ஒரு பக்கம் திருப்புங்கள். வளையத்தின் குட்டைக் கால் நுழையும் துளைக்குள் எட்டிப் பாருங்கள். ஆழத்தில் ஒரு திருகு இருக்கும். பூட்டியிருக்கும்போது அந்தத் திருகை எவரும் தொட முடியாது என்பதுதான் இதன் கெட்டித்தனம். திருகைக் கழற்றித் தட்டினால் உருளை அடிப்பக்கமாக வெளியே வரும். வளையத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் இரண்டு உருக்குக் குண்டுகளும் உள்ளே இருக்கும், அவற்றைத் தவற விட வேண்டாம்.

உருளையின் பின்புறத்தில் உள்ளுருளையைப் பிடித்திருக்கும் வளையத் தகடு அல்லது திருகு இருக்கும். அதை எடுங்கள். உள்ளுருளையின் விட்டத்துக்குச் சரியாகப் பொருந்தும் மரக்குச்சியோ பிளாஸ்ரிக் தடியோ ஒன்றை முதலே வெட்டி வைத்திருக்க வேண்டும். திறப்பைப் போட்டு, கடிகார முள் ஒரு மணிக்கு வருமளவுக்குத் திருப்பி, பின்புறம் இருந்து தடியால் உள்ளுருளையை முன்பக்கமாகத் தள்ளுங்கள். உருளை வெளியேற வெளியேறத் தடி அதன் இடத்தைப் பிடிக்கும். அதனால் மேற்பின்களும் ஸ்பிறிங்குகளும் கூட்டுக்குள்ளேயே நிற்கும். இடையில் இடைவெளி விட்டால் அவ்வளவும் துள்ளிப் பறக்கும். கையில் வந்த உள்ளுருளையில் கீழ்ப்பின்கள் திறப்பின் பல்லுகளில் அமர்ந்து, தலைகள் எல்லாம் ஒரே மட்டமாக நிற்பதைப் பாருங்கள். நான் மேலே சொன்ன பிரிகோடு அதுதான். பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டிய கணமும் அதுதான்.

பித்தளைப் பூட்டென்றால் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, பூட்டைப் பிடிகருவியில் இறுக்கி, பக்கத்து வட்டங்களின் நடுவைச் சிறிய டிறில்லால் கொஞ்சம் கொஞ்சமாகத் துளையுங்கள். அவசரப்பட்டால் ஸ்பிறிங்கும் பின்னும் சேர்ந்து அரைபடும். அடைப்புப் போனதும் ஸ்பிறிங், மேற்பின், கீழ்ப்பின் என்ற வரிசையில் வெளியே எடுக்கலாம். பிறகு துளை வாயில் மரை வெட்டி, பொருந்தும் சிறு திருகுகளைப் போட்டுக்கொண்டால் வேண்டிய நேரம் திறந்து மூடலாம். அப்படித் துளைத்த பூட்டு இனிப் பழகுவதற்கு மட்டுமே. அதைத் திரும்பக் கொண்டுபோய்க் கராச்சில் மாட்டக் கூடாது.

ஒரு பின்னில் இருந்து தொடங்குங்கள்

கழற்றுவதன் முக்கிய பயன் இனித்தான் வருகிறது. ஐந்து பின்னோடும் பழகத் தொடங்குகிறவர் அனேகமாக ஒரு கிழமையில் வெறுத்து விடுவார். எது நடந்தது, எது நடக்கவில்லை என்று அவருக்குத் தெரியாது.

ஆகவே ஒரே ஒரு துளையில் மட்டும் பின்களைப் போட்டுப் பூட்டை மூடுங்கள். கீழ்ப்பின்னின் கூரான முனை திறப்பின் பக்கம் இருக்க வேண்டும். திறப்புத் துளையின் ஓரத்தில் வளைந்த தகட்டுக் கம்பியைச் செருகி, ஒரு தாளைப் புரட்டும் பலத்தில் மட்டும் உருளையைத் திருப்பிப் பிடியுங்கள். பிக் என்று சொல்லப்படும் மெல்லிய கம்பியால் பின்னை உயர்த்துங்கள். உடனே திறக்கும். சிரிப்பு வரும். ஆனால் பின் அமரும்போது கையில் எப்படி இருக்கும் என்பது அன்றைக்கு விரலுக்குத் தெரிந்துவிடும்.

அது பழகியதும் இரண்டு பின், பிறகு மூன்று. இரண்டாவது பின் வரும்போதுதான் "எது முதலில் இறுகுகிறது" என்ற கேள்வியே வரும். அனேகமாக எல்லோரும் கூடுதலாக அழுத்தித் திருப்புவார்கள். அப்படிச் செய்தால் எல்லாப் பின்னும் இறுகி எதுவும் அசையாது. குறைவாகத் திருப்பினால் அமர்ந்த பின் விழுந்துவிடும். இந்த இடைப்பட்ட பலத்தைப் பழகுவதுதான் வித்தை முழுவதும்.

1100 வரிசைப் பூட்டின் மேற்பின்களைச் சாமணத்தில் தூக்கிப் பாருங்கள். இடுப்பு ஒடுங்கி நூற்கட்டை போல இருக்கும். கீழ்ப்பின்களிலும் வரி வரியாக வெட்டு இருக்கும். உயர்த்தும்போது ஒடுங்கிய இடத்தில் மாட்டி, திறந்துவிட்டது போல உருளையைக் கொஞ்சம் சுழல விட்டு ஏமாற்றுவதற்காகச் செய்தவை அவை. மலிந்த பூட்டில் இவை இருப்பது குறைவு. இரண்டு பூட்டுக்கும் ஏன் விலை வித்தியாசம் என்பதற்கு ஒரு காரணம் உங்கள் உள்ளங்கையில் இருக்கும்.

பூட்டில்லாத திறப்பு

இந்த வேலையால் இன்னொரு பயனும் உண்டு. அதை ஒரு உண்மைச் சம்பவத்தால் சொல்கிறேன்.

வலிகாமம் வடக்கில் இருந்து 1990இல் இடம்பெயர்ந்த ஒரு ஐயா என்னிடம் வந்தார். கையில் ஒரு ஆமைப்பூட்டுத் திறப்பு. வீட்டுக் கேற்றைப் பூட்டிவிட்டு, ஒரு கிழமையில் திரும்பலாம் என்று எடுத்து வந்த திறப்பு. அந்தக் காணி பல வருடங்களின் பின்னர் விடுவிக்கப்பட்டபோது போய்ப் பார்த்திருக்கிறார். வீடும் இல்லை, மதிலும் இல்லை, கேற்றும் இல்லை. "மூண்டு பிள்ளையளுக்கும் இதில ஒவ்வொண்டு வெட்டித் தா தம்பி" என்றார். எதைத் திறக்க என்று நான் கேட்கவில்லை.

வெட்டிக் கொடுத்துவிட்டு, திறப்பைக் கொஞ்சம் வைத்துவிட்டுப் போகச் சொன்னேன். அதே நிறுவனத்தின் உருளை கழரும் பூட்டு ஒன்றில் திறப்பின் நீளப் பள்ளங்கள் பொருந்தின. உள்ளுருளையை வெளியே எடுத்து, பின்களை அகற்றி, ஐயாவின் திறப்பைப் போட்டேன். ஒவ்வொரு துளையிலும் பொருத்தமான நீளமுள்ள கீழ்ப்பின்னைத் தேடிப் போட்டு, கொஞ்சம் உயர்ந்து நின்ற இரண்டை மட்டத்துக்கு அராவினேன். மேற்பின்களோடு சேர்த்து மூடினேன். ஒரு மாலை நேர வேலை. பூட்டு அந்தத் திறப்புக்குத் திறந்தது.

ஐயா அதைப் பூட்டியும் திறந்தும் சில தடவை பார்த்தார். பிறகு, "இது சத்தம் வேறை" என்றார். இப்போது அவரது மூத்த மகளின் தோட்டக் கொட்டிலில் அந்தப் பூட்டுத் தொங்குகிறது. நாலு பேரிடமும் திறப்பு இருக்கிறது.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு திறப்பு இருக்கக்கூடும். எல்லாத் திறப்புக்கும் இது சரிவராது. பள்ளங்கள் பொருந்தும் உருளை கிடைக்க வேண்டும், பின் வகைத் திறப்பாகவும் இருக்க வேண்டும். ஆனாலும் எறிய முதல் ஒருக்கால் பூட்டு வேலை தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

இங்கிலாந்திலும் வேல்சிலும் பூட்டுத் திறக்கும் கம்பிகளை வாங்குவதோ வீட்டில் வைத்திருப்பதோ குற்றமில்லை. ஆனால் 1968ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, வீட்டுக்கு வெளியே களவுக்குப் பயன்படுத்தும் நோக்கத்தோடு கருவிகளை வைத்திருப்பதைக் குற்றமாக்குகிறது. மூன்று வருடம் வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். நோக்கம் இல்லையென்று நீங்கள் சொல்லலாம். ஆனால் இரவு பதினொரு மணிக்குத் தெருவில் பொலிசாருக்கு விளங்கப்படுத்துவது இலகுவல்ல. விசா விண்ணப்பமோ குடியுரிமை விண்ணப்பமோ நிலுவையில் உள்ள வீட்டில் ஒரு சிறிய பொலிஸ் விசாரணையும் பெரிய தலையிடியாகும் என்பது எங்களுக்குத் தெரியாததல்ல. ஆகவே பிள்ளைகளுக்குக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். கம்பிகள் மேசை லாச்சியில் இருக்கட்டும், பள்ளிக்கூடப் பையில் வேண்டாம். வேறு நாடுகளில் வாழும் நேயர்கள் அந்தந்த நாட்டுச் சட்டத்தைக் கேட்டறிந்து கொள்ளுங்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

இதையெல்லாம் கேட்டுவிட்டுப் பயப்பட வேண்டாம். வீடு உடைக்கிற கள்ளர் பெரும்பாலும் பின் பின்னாகத் தேடிக்கொண்டிருப்பதில்லை. வெட்டுவார்கள், நெம்புவார்கள், கதவு உருளையைப் பிடித்து முறிப்பார்கள். ஆகவே ஆமைப்பூட்டு வாங்கும்போது வளையம் தடிப்பாகவும், அதன் இரண்டு காலும் குண்டுகளால் பிடிபடுவதாகவும், பூட்டிய பின் வளையம் குறைவாகவே வெளியில் தெரிவதாகவும் பாருங்கள். ஐரோப்பிய நியமம் 12320 என்ற குறியீட்டின் கீழ் ஒன்று முதல் ஆறு வரை தரம் போடுகிறார்கள். எண் கூடக்கூடப் பலம் கூடும். கதவு உருளைக்கு இங்கு ரி.எஸ். 007 நியமத்தில் மூன்று நட்சத்திரம் உள்ளதைக் கேளுங்கள். அது முறிப்பதைத் தாங்கும்படி சோதிக்கப்பட்டது. நகையை எந்தப் பூட்டையும் நம்பி அலுமாரியில் வைக்க வேண்டாம்.

பூட்டு இறுகினால் நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ விடாதீர்கள். அது தூசியைப் பிடித்துக் களியாகி, குளிர் நாளில் பின்களை ஒட்டிவிடும். பூட்டுக்கென்று விற்கும் கிரபைற் தூள் கொஞ்சம் போதும்.

மகனைப் பற்றிச் சொன்ன ஐயாவுக்கு ஒரு வார்த்தை. தடுக்க வேண்டாம். பழைய பூட்டு ஒன்றையும் ஒரு துவாயையும் மாத்திரைப் பெட்டியையும் கொடுத்து, பக்கத்தில் நீங்களும் இருங்கள். முதலில் கழற்றட்டும், பிறகு பொருத்தட்டும், அதன் பிறகு கம்பியைத் தொடட்டும். பொருத்தத் தெரியாதவன் திறக்கப் பழகுவதில் அர்த்தமில்லை.

அடுத்த மாதம் குளிர்காலத்துக்கு முன்னர் வீட்டுத் தண்ணீர்க் குழாய்களைப் பாதுகாப்பது பற்றிப் பேசுவோம். கேள்விகளை வழமை போல நிலையத்துக்கு எழுதுங்கள்.